அதே தோற்றமுடைய பத்துப் பேர்

முகம் மறக்காதவன் என்று இந்த ஜில்லாவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இந்தப் பெயரை வாங்குவது சுலபம். நாம் பார்க்க விரும்பிய முகங்களை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும். மற்றவற்றை மறந்தோம் என்பதே நமக்குத் தெரியாது. குமாஸ்தா உத்தியோகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் அனுபவம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். காகிதக் கட்டு எப்படிக் கட்டுவது, மேலதிகாரி தும்மினால் என்ன சொல்வது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் முகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல.

எனக்கு வாய்த்த முதல் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருடைய லாயத்தில் ஆறு குதிரைகள். தூரத்தில் வால் தெரிந்தாலே எந்தக் குதிரை, அதன் தாய் எது, அது எப்போது நொண்டியது என்று சொல்லிவிடுவார். அவருடைய கச்சேரியில் நாங்கள் ஏழு பேர். என்னையும் கணக்கரையும் அவரால் கடைசி வரை பிரித்தறிய முடியவில்லை. நான் ஒல்லி, நெட்டை. கணக்கர் குள்ளம், தொப்பை வேறு. நான் நெற்றியில் குறுக்கே பூசுவேன், அவர் நெடுக்கே இடுவார். அந்தக் கோட்டின் திசைக்காகப் பெண் கொடுக்க மறுத்த குடும்பங்கள் உண்டு. துரைக்கோ தலைப்பாகைக்குக் கீழே ஏதோ வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான். கணக்கர் செய்த தப்புக்கு நான் திட்டு வாங்கினேன். நான் எழுதிய அறிக்கைக்காகக் கணக்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

துரையின் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவர் மாற்றலாகிப் போய் இன்னொரு துரை வந்தார். எங்கள் டவாலி சேவகர் புதுத் துரைக்கு நான்கு நாள் சலாம் வைத்து, "அம்மாவுக்கு ஜொரம் தேவலீங்களா?" என்று பழைய துரைசானியைப் பற்றி விசாரித்தார். புதுத் துரைக்குக் கல்யாணமே ஆகவில்லை. செம்பட்டை மயிர், சிவந்த மூக்கு, ஒரு தொப்பி. சேவகருக்கு அது போதுமாக இருந்தது. அதற்கு நாங்கள் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. ஆள் மாறிவிட்டாரா இல்லையா என்ற சந்தேகம் எங்களில் மூன்று பேருக்கு இருந்தது.

இதெல்லாம் தமாஷ். இதனால் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

பிற்பாடு நான் ஒரு சப் மாஜிஸ்டிரேட் கச்சேரியில் ஹெட் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பாலாற்றங்கரை, ரயில் நிற்கும், காற்று திரும்பினால் தோல் வாடை வரும். வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் உங்களுக்குப் பிடிக்காத ஊராகப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு தோல்ஷாப்பு முதலாளி. தோல் பதனிடும் சாலையை எங்கள் பக்கத்தில் தோல்ஷாப்பு என்றுதான் சொல்வோம். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் அவர் ஜட்கா வண்டியில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஆற்றோரம் மணலில் வண்டி மெதுவாகப் போனபோது ஒருவன் பின்படியில் தாவி ஏறினான். அவர் சட்டையில் தொங்கிய தங்கக் கடிகாரத்தைச் சங்கிலியோடு அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். வண்டிக்காரன் திரும்பியபோது முதுகுதான் தெரிந்தது. முகத்தைப் பார்த்தவர் முதலாளி ஒருவரே. தோல்ஷாப்பு ஆள்தான், அந்த வாடை அடித்தது என்று போலீஸில் சொன்னார். முகம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "கருப்பா, ஒல்லியா, அவங்க மாதிரி இருந்தான்" என்றாராம். போலீஸ்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுநாள் வேலைக்கு வராத ஆள் யார் என்று எல்லா ஷாப்பிலும் விசாரித்தார்கள். வேறொரு முதலாளியிடம் வேலை செய்த தானியேல் என்பவன் இரண்டு நாள் சொல்லாமல் மட்டம் போட்டிருந்தான். கணியம்பாடிப் பக்கத்தில் மாமியார் வீட்டில் மனைவிக்குக் குழந்தை பிறந்தது, பார்க்கப் போனேன் என்றான். மாமியாரும் ஆமாம் என்றாள். மாமியார் வேறு என்ன சொல்வாள் என்று போலீஸார் அதைத் தள்ளிவிட்டார்கள். கடிகாரம் அவனிடம் இல்லை. கேஸ் முழுவதும் முதலாளியின் கண்ணை நம்பி நின்றது. அவர் தானியேலை அடையாளம் காட்டினால் வருஷக்கணக்கில் கடுங்காவல். காட்டாவிட்டால் அவன் வீட்டுக்குப் போகலாம்.

அடையாளம் காட்டுவதற்குப் பரேடு என்று ஒன்று உண்டு. கைதியோடு அவனைப் போன்ற பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி, சாட்சியை விட்டுப் பொறுக்கச் சொல்வது. அந்தப் பத்துப் பேரைத் தேடிப் பிடிப்பது ஹெட் குமாஸ்தாவின் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது மாஜிஸ்டிரேட்டின் வேலை.

நான் வேலையில் சுத்தம் என்று எனக்கு ஒரு கர்வம். கடைத்தெருவுக்கு நானே போனேன். வெற்றிலைக் கடைக்காரர், பூ கட்டுகிறவர், துணிக்கடைச் சிப்பந்தி என்று பத்துப் பேரைப் பொறுக்கினேன். உயரம் பார்த்தேன், வயது பார்த்தேன், மீசை பார்த்தேன், நிறம் கூடப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். சாட்சிக்குத் தெரிந்தவர்கள் வரிசையில் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே ஒவ்வொருவரிடமும், "உமக்கு அந்த முதலாளியைத் தெரியுமா?" என்று கேட்டேன். துணிக்கடைச் சிப்பந்திகளில் இருவர் தெரியும் என்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வேறு இருவரைப் பிடித்தேன். இதைவிட ஒழுங்காக ஒரு மனிதன் எப்படி வேலை செய்ய முடியும்?

பரேடு அன்று முதலாளி கச்சேரிக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். "நீங்க ஆரணி வீட்டு மாப்ளதான? உங்க மச்சினன் கல்யாணத்துல பாத்தது. பந்தில என் எதிர்ல ஒக்காந்து மோர் வாணாம்னீங்க" என்றார். அந்தக் கல்யாணம் நடந்து பதினெட்டு வருஷம். எனக்கு அப்போது தலை நிறைய மயிர் இருந்தது. நான் அசந்துபோனேன். அவர் எங்கள் வகையறா இல்லை, ஆனால் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கும் தூரத்தில் இருந்தவர். இப்படிப்பட்ட ஞாபகசக்தி உள்ளவர் சாட்சியாகக் கிடைத்தால் கேஸ் பொன் போல என்று மாஜிஸ்டிரேட் என் காதில் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

சப் ஜெயில் முற்றத்தில் பதினோரு பேர் நின்றார்கள். தானியேல் நாலாவது. முதலாளி அத்தர் தடவிய கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது ஆளிடம் வந்ததும் விரலை நீட்டி, "இவன்தான்" என்றார். நான் ஒரு சிட்டிகை பொடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "சாட்சி சிறிதும் தயக்கமின்றிக் கைதியை அடையாளம் காட்டினார்" என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். மாஜிஸ்டிரேட் கையெழுத்துப் போட்டார்.

தானியேல் வாயைத் திறந்தான். "சாமி, அவரு என் மூஞ்சிய பாக்கவே இல்லீங்க. கையத்தான் பாத்தாரு."

"வாயை மூடு" என்றார் மாஜிஸ்டிரேட்.

அவர் போன பிறகு சப் ஜெயில் வார்டர் என்னிடம் வந்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த மனிதர். யாருக்கும் பயப்படமாட்டார். அதனாலேயே பதவி உயர்வு இல்லாமல் சாகப்போகிறவர். "பரேடு ஜோரா முடிஞ்சிதுங்களா?" என்று பல்லைக் காட்டினார்.

"ஏன், என்ன குறை?"

"ஒண்ணும் குறை இல்லீங்க. பத்து பூக்கடக்காரனுக்கு நடுவுல ஒரு தோல்ஷாப்புக்காரன நிறுத்துனீங்க. என் கண்ண கட்டி உட்டா நான் மூக்காலயே புடிச்சி குடுத்திருப்பேன். அவன் கைய பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தேன். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வருஷக்கணக்காக ஊறிய கைகள். முழங்கை வரை செம்பழுப்பு ஏறி, நகமெல்லாம் கறுத்து, சுண்ணாம்பு தின்று விரலிடுக்கு வெடித்திருந்தது. மற்ற பத்துப் பேரில் ஒருவர் கையில் மல்லிகை வாசம் வந்திருக்கும். மீசையின் நீளத்தை விரலால் அளந்து பார்த்த நான் கையைப் பார்க்கவில்லை. தோல்ஷாப்புக்காரன் என்பதைத் தவிர அந்த வரிசையில் முதலாளி எதையும் அடையாளம் காட்டவில்லை. அதைச் சொல்லப் பதினெட்டு வருஷ ஞாபகசக்தி தேவையில்லை.

இந்த இடத்தில் நான் நேராக மாஜிஸ்டிரேட்டிடம் ஓடினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மூன்று நாள் ஓடவில்லை. எழுதியது நான், கையெழுத்துப் போட்டது அவர். சிரஸ்தார் பதவிக்கு என் பெயர் அவர் மூலமாகத்தான் மேலே போயிருந்தது. தானியேலின் மனைவி பச்சைக் குழந்தையோடு கச்சேரி வாசல் புளியமரத்தடியில் வந்து உட்கார ஆரம்பித்தாள். முதல் நாள் நான் வெளியே வந்தபோது எழுந்து, "எப்ப உடுவாங்க சாமி?" என்று கேட்டாள். விசாரணை நடக்கிறது என்றேன். இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் பின்பக்கக் கதவு வழியாகச் சாப்பிடப் போனேன். பதினைந்து வருஷமாகத் திறக்காத கதவு. தாழ்ப்பாளைத் தட்டித் திறக்கச் சேவகரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. அன்று சாயங்காலம் மாஜிஸ்டிரேட்டிடம் போனேன்.

மேலதிகாரியிடம் நியாயம் பேசாதீர்கள். நியாயம் அவர்களுக்கும் தெரியும், அதனால் கோபம்தான் வரும். பயத்தைப் பேசுங்கள். நான் கையைப் பற்றிச் சொன்னதும் மாஜிஸ்டிரேட் முகம் கடுத்தது.

"கையெழுத்துப் போட்டாச்சே ஐயா. இப்ப வந்து சொல்றீரே."

"அதுக்குத்தான் சொல்றேன். அவன் கிறிஸ்தவன். மிஷன்காரங்க பட்டணத்துலேந்து ஒரு வக்கீலைக் கூட்டிண்டு வரப்போறதாப் பேச்சு" என்றேன். அப்படி ஒரு பேச்சும் இல்லை. "முதல் கேள்வியே கையைப் பத்திதான் இருக்கும். பேப்பர்ல போட்டுடுவான்."

பேப்பர் என்றதும் மாஜிஸ்டிரேட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாம் உம்மால வந்தது" என்றார். உண்மைதான். மறுபடி பரேடு வைக்க உத்தரவாயிற்று.

சாட்சி ஒரு முறை பார்த்துவிட்ட ஆளை மறுபடி காட்டச் சொல்வதில் என்ன சோதனை இருக்கிறது என்று நீங்கள் கேட்பது சரி. எட்டு நாளைக்கு முன்னால் பட்டப்பகலில், மூன்று அடி தூரத்தில் நின்று விரல் நீட்டிய ஆள். கண்ணை மூடிக்கொண்டு காட்டிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், தானியேலுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று உள்ளூர நடுங்கினேன். முதலாளிக்கோ இரண்டாம் தடவை கூப்பிட்டதே அவமானம். "ஆயிரம் பேர் நடுவுல நிறுத்துங்க. அந்த மூஞ்சிய நான் செத்தாலும் மறக்கமாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார்.

தோல்ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்று காலை நான் சேரிக்குப் போனேன். போனேன் என்றால், உள்ளே போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "தோல்ஷாப்பு வேலை செய்யறவங்க, முப்பது வயசுக்குள்ள பத்துப் பேர் வாங்க. சர்க்கார் உத்தரவு" என்று கத்தினேன். வந்தார்கள். ஒருவன் கூழ் குடித்துக்கொண்டிருந்த வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். எல்லார் கையும் செம்பழுப்பு. எனக்குத் திருப்தி. வரிசையாக நடத்திக் கூட்டிப் போனேன். யாரிடமும் பெயர் கேட்கவில்லை. கடைத்தெரு ஆட்களிடம் கேட்டேனே, முதலாளியைத் தெரியுமா என்று ஒரு கேள்வி, அதையும் கேட்கவில்லை. அந்த மனிதர்களுக்கும் முதலாளிக்கும் நடுவில் தெரிந்தவர், தெரியாதவர் என்று ஒரு விஷயம் இருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தோல்ஷாப்பு ஆட்களைத்தான் கூட்டிக்கொண்டு போகிறோம், முதலாளி தோல்ஷாப்பு வைத்திருக்கிறார் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. எஸ்.எஸ்.எல்.ஸி. பாஸ் செய்த மண்டை.

முற்றத்தில் பதினோரு பேரையும் நிறுத்தினேன். தானியேல் இந்த முறை இரண்டாவது. முதலாளி கைக்குட்டையோடு வந்தார். நடந்தார். தானியேலைத் தாண்டினார். கடைசி வரை போய்த் திரும்பினார். மறுபடி தானியேலைத் தாண்டினார். கைக்குட்டை மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறியது. கைகளைப் பார்த்தார். பதினோரு ஜோடிக் கைகளும் ஒரே நிறம். வேறு வழியில்லாமல் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் அப்படிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாம் தடவை வந்தபோது எட்டாவது ஆளுக்கு எதிரில் நின்றார். உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இவன்தான்! போன வாட்டி வெளிச்சம் சரியில்ல. இந்த மூஞ்சி எனக்கு அப்பிடியே பதிஞ்சி போச்சி. எங்க வெச்சி பாத்தாலும் சொல்வேன்."

எட்டாவது ஆள் இரண்டு கையையும் கூப்பினான். "மொதலாளி, நான் குப்பங்க."

"எந்தக் குப்பன்?"

"நம்ம ஷாப்பு குப்பங்க. பதினோரு வருசமா உங்க கிட்டதான வேல செய்றேன். காலைல நீங்க வண்டிலேந்து எறங்க சொல்ல கொட புடிக்கிறது நான்தாங்க. நேத்துகூட புடிச்சேனே."

எல்லாரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வார்டர் சிரித்தார். பட்டாளத்துச் சிரிப்பு, சுவரில் மோதித் திரும்பி வந்தது. வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. மாஜிஸ்டிரேட் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நோட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டேன். குப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கூப்பிய கையை இறக்கவும் இல்லை.

முதலாளி சும்மா இருந்திருக்கலாம். "அதான் சொன்னேனே, தெரிஞ்ச மூஞ்சின்னு!" என்றார்.

தானியேலின் கேஸ் அந்த வாக்கியத்தோடு செத்தது. "சாட்சி மேற்படி கைதியைக் காட்டாமல், அதே தோற்றமுடைய பத்துப் பேரில் மற்றொருவரைக் காட்டினார்" என்று எழுதினேன். மாஜிஸ்டிரேட் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அவனை விட்டுடும்" என்றார். கடிகாரம் கடைசி வரை கிடைக்கவில்லை. முதலாளி வேறு வாங்கிக்கொண்டார்.

பரேடுக்காகக் கழற்றிய விலங்கை, முடிந்ததும் வார்டர் வழக்கப்படி தானியேலுக்கு மறுபடி மாட்டியிருந்தார். அதை நானே கழற்றிவிடலாம் என்று சாவியை வாங்கிக்கொண்டு வரிசைக்குப் போனேன். சிரித்ததில் வரிசை கலைந்திருந்தது. நான் போய் ஒருவன் எதிரில் நின்று, "வாப்பா, உனக்கு நல்ல காலம்" என்றேன். அவன் விழித்தான். அவன் கையில் விலங்கே இல்லை. பக்கத்திலிருந்து, "நான் இங்க இருக்கேன் சாமி" என்று தானியேல் விலங்கோடு கையை நீட்டினான். அவனை நான் பத்து நாளில் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். அவன் கையை விளக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன். மாஜிஸ்டிரேட் இதைக் கவனிக்கவில்லை. வார்டர் கவனித்தார், ஆனால் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பதினோரு பேரும் கும்பலாக வாசலுக்கு வந்தார்கள். புளியமரத்தடியில் இருந்தவள் அத்தனை பேருக்கு நடுவில் தானியேலிடம் ஓடிப்போய்க் குழந்தையைக் கையில் கொடுத்தாள். அவன் அதற்கு முன் அந்தக் குழந்தையை ஒரே ஒரு நாள்தான் பார்த்திருந்தான். குழந்தை வீரிட்டு அழுதது. எனக்குக் கண் நிறைந்தது, அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் இந்தக் கதையைக் கச்சேரியில் நான்தான் அதிகம் சொன்னேன். முதலாளி மாதிரி நடந்து காட்டுவேன், கைக்குட்டையைக் கூட மூக்கில் வைத்துக்கொள்வேன். விலங்கு கழற்றப் போன இடத்தை மட்டும் விட்டுவிடுவேன். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பணக்காரனின் கண்ணைப் பற்றி நாம் எப்போதும் சிரிக்கத் தயார். நான் சிரஸ்தாராகவும் ஆனேன். மாஜிஸ்டிரேட் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார்.

ஒரு நாள் மத்தியானம் என் ஜன்னலுக்கு வெளியே ஒருவன் நின்றான். "இன்னாப்பா வேணும்?" என்றேன்.

"நான் குப்பங்க சாமி."

"எந்தக் குப்பன்?"

சொன்ன பிறகுதான் அந்த இரண்டு வார்த்தையை முன்பு யார் சொன்னார் என்று எனக்கு உறைத்தது. அவன் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. நிதானமாகச் சொன்னான். பரேடுக்கு மறுநாளே முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். வேண்டுமென்றே போய் நின்று தன்னை அவமானப்படுத்தினான், தானியேல் வேலை செய்த அந்த இன்னொரு ஷாப்புக்காரன் சொல்லிக் கொடுத்து அனுப்பினான் என்று பேச்சு. வேறு ஷாப்பிலும் சேர்க்கவில்லை. ஏழெட்டு மாதமாக ஏலகிரிப் பக்கம் போய்ப் பட்டை உரித்துச் சுமந்துகொண்டிருந்தான். இப்போது பழைய ஷாப்பு மேஸ்திரி கொஞ்சம் மனமிறங்கி, ஒரு காகிதம் வாங்கி வந்தால் முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றாராம். "நானா போவல, சர்க்கார் கூப்ட்டுதான் போனேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சாமி. நீங்கதான கூப்ட்டீங்க."

நியாயமான வேண்டுகோள். ரிக்கார்டு அறையிலிருந்து கேஸ் கட்டை எடுத்துப் பிரித்தேன். என் அழகான கையெழுத்து. தானியேல் பெயர் இருந்தது, அவன் தகப்பன் பெயர் இருந்தது, முதலாளியின் பெயர் பட்டத்தோடு இருந்தது. மற்றபடி அதே தோற்றமுடைய பத்துப் பேர். அதில் மற்றொருவர். குப்பன் என்று ஒருவன் அந்த முற்றத்தில் நின்றதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன், பரேடு வைத்தால் நிற்கிற ஒவ்வொருவர் பெயரையும், ஊரையும், யாரிடம் வேலை என்பதையும் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் இன்னொரு காகிதம் எடுங்கள். சர்க்காரில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை.

கட்டை எடுத்துக்கொண்டு புது மாஜிஸ்டிரேட்டிடம் போனேன். அவர் சட்டம் தெரிந்தவர். படித்துவிட்டு, "இந்த 'மற்றொருவர்' வெளியே நிற்கிறவன்தான் என்று உமக்கு நேரடியாகத் தெரியுமா? தெரியும் என்று நீர் எழுதிக் கொடும், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

ஜன்னலுக்கு வந்தேன். குப்பனின் முகத்தைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், நிஜமாகவே பார்த்தேன், முதல் தடவையாக. எட்டாவது இடத்தில் கை கூப்பி நின்ற ஆளை மனசில் கொண்டுவரப் பார்த்தேன். கூப்பிய கைகள் வந்தன. முகம் வரவில்லை. முதலாளியின் முகம் வந்தது, அத்தர் கைக்குட்டை வந்தது, வார்டரின் பல் கூட வந்தது. இதே கதையை நூறு தடவை நடித்துக் காட்டியிருக்கிறேன். குப்பனாக ஒரு தடவைகூட நடித்ததில்லை.

நான் தயங்குவதை அவன் கண்டுகொண்டான். "அன்னிக்கு நீங்க வேப்பமரத்துக்கு கீழ நின்னுகினு இருந்தீங்க சாமி. உங்க எடது கால் செருப்பு வார் அறுந்து கயிறு போட்டு கட்டியிருந்தீங்க. வழியில ரெண்டு வாட்டி நின்னு பொடி போட்டீங்க. ஜெயில்ல என்ன எட்டாவதா நிறுத்த சொல்ல, கையால தொடாம கைல இருந்த ரூல்தடியால நீ இங்க வான்னு காட்டுனீங்க. இன்னும் இன்னா சொல்லணும்?"

அவன் சொன்னது அத்தனையும் சரி. செருப்பு வார் எனக்கே மறந்துபோயிருந்தது. அது போதும், அதை வைத்துக்கொண்டு உள்ளே போய், தெரியும் என்று நான் எழுதியிருக்கலாம். எழுதினால் அடுத்த கேள்வி வரும். பெயரை ஏன் அப்போதே எழுதவில்லை? சாட்சியிடம் வேலை செய்கிறவனை வரிசையில் எப்படி நிறுத்தினீர்? நான் சிரஸ்தாராகி இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலதிகாரியிடம் பயத்தைப் பேசுங்கள் என்று உங்களுக்கு மேலே சொன்னேன். என்னிடம் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை, அது எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தது.

"எனக்கு உன்ன அடையாளம் தெரியலப்பா" என்றேன். அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை.

குப்பன் கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எங்க மொதலாளியாவது தெரிஞ்ச மூஞ்சின்னு சொன்னாரு சாமி" என்று சொல்லிவிட்டுப் போனான்.